சந்தேகப்படும் வாசகன்

லினக்ஸ் கெர்னலில் 'வெரிஃபையர்' என்றொரு பகுதி இருக்கிறது. பல்லாயிரம் வரி நிரல். அதை ஒரு வாசகனாக வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அதன் வேலையே வாசிப்பதுதான். வெளியே இருக்கிற யாரோ எழுதிய நிரலை, ஓடவிடுவதற்கு முன்னால் முழுக்க வாசித்து, "இது ஆபத்தில்லை" என்று தீர்ப்பு சொல்ல வேண்டும்.

பின்னணி இதுதான். கெர்னலுக்குள் 'இபிபிஎஃப்' என்ற சின்ன மெய்நிகர் இயந்திரம் ஓடுகிறது. பயனர்கள் தங்கள் நிரலை அதற்குள் ஏற்றும் வழி 2014 டிசம்பரில் வந்த 3.18 பதிப்பில் திறந்தது. 2016-இல் வந்த 4.4 பதிப்பு, நிர்வாக உரிமை இல்லாத சாதாரணப் பயனருக்கும் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. கெர்னலுக்குள் ஒரு தப்பு நடந்தால் மொத்தக் கணினியும் போச்சு. அதனால்தான் வெரிஃபையர் யாரையும் நம்புவதில்லை. நிரல் போகக்கூடிய ஒவ்வொரு பாதையிலும் நடந்து பார்க்கிறது, எந்த இடத்தில் என்ன மதிப்பு இருக்கலாம் என்று கணக்கு வைக்கிறது.

இவ்வளவு கறாரான வாசகனும் 2017-இல் ஏமாந்தது. கூகுளின் யான் ஹார்ன் கண்டுபிடித்த ஓட்டை அது. 32 பிட் அளவிலான −1-ஐ 64 பிட் பதிவகத்தில் வைக்கச் சொல்கிறது ஒரு கட்டளை. வெரிஃபையர் அதை −1 என்றே வாசித்தது. இயந்திரமோ மேல் பாதியைப் பூஜ்யத்தால் நிரப்பி 4294967295 ஆக்கியது. அடுத்த வரி: "−1 இல்லையென்றால் தாவு." தாவவே தாவாது என்று முடிவு செய்த வெரிஃபையர் அந்தப் பக்கத்தை வாசிக்கவே இல்லை. இயந்திரம் தாவியது. யாரும் வாசிக்காத நிரல் கெர்னலுக்குள் ஓடியது. அதை வைத்துச் சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிட முடிந்தது.

இதைச் சின்னக் கவனக்குறைவு என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மோகனூர்ப் பக்கம் கரும்பு வண்டியை ஆலையில் எப்படி நிறுப்பார்கள்? ஏற்றிய வண்டியை ஒருமுறை, இறக்கிய பிறகு வெறும் வண்டியை ஒருமுறை. வித்தியாசம்தான் கரும்பு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு எடை மேடைகளில் அந்த இரண்டையும் நிறுத்தால், வண்டிக்காரர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கணக்கு பொய்தான். வெரிஃபையரின் குறையும் இதுவே. எழுதியவர் மேல் அதற்கு எல்லையில்லாத சந்தேகம், தன் வாசிப்பின் மேல் துளியும் இல்லை.

பின்னர் பல லினக்ஸ் விநியோகங்கள் சாதாரணப் பயனருக்கான கதவை இயல்பாகவே மூடி வைத்தன. அது நடைமுறைக்குச் சரி. ஆனால் "எப்படி வாசித்தோம்" என்ற கேள்விக்கு "யார் எழுதியது" என்று பதில் சொல்வது மாதிரி இருக்கிறது. 2022-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்ததை நான் மேலாக மதிக்கிறேன். வெரிஃபையர் பிட்டுகளை மதிப்பிடும் முறையில் கூட்டலும் கழித்தலும் சரிதான் என்று அவர்கள் கணித ரீதியாக நிரூபித்தார்கள். அவர்கள் சோதித்தது நிரல்களை அல்ல, அவற்றை வாசிக்கிற வாசகனை.