கடுகு வரிசைக்குக் காவல் யார்?

ஓசூர், மாலூர் பக்கத்து முட்டைக்கோஸ் லாரிகள் ஸ்ரீபெரும்புதூரைக் கடந்துதான் கோயம்பேட்டுக்குப் போகின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளின் கேன்டீனில் கோஸ் பொரியல் சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த வயல்களில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்பதில் அக்கறை வேண்டும்.

மருந்தைக் குறைக்கும் வழிகளில் பெயர் பெற்றது, கடுகைப் பொறிப்பயிராக விதைப்பது. பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்த முறை இது. 25 வரிசைக் கோஸுக்கு இருபுறமும் கடுகு. ஒரு விதைப்பு நடவுக்கு 15 நாள் முன்பு, அடுத்தது நடவு செய்த 25ஆம் நாள். தாளிக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அந்தக் காரத்தைத் தரும் சேர்மங்கள்தாம் கோஸ் குடும்பப் பூச்சிகளை வரவழைக்கின்றன. வைரமுதுகு அந்துப்பூச்சி பெரும்பாலும் கோஸை விட்டுக் கடுகில் முட்டையிடுகிறது. புழு அங்கேயே இருப்பதால் மருந்தைப் பெரும்பாலும் அந்த வரிசைக்கே அடித்தால் போதும். செலவு குறைவு, தலைகட்டும் கோஸில் நஞ்சும் குறைவு. புழுவைப் பொறுத்தவரை இது அருமையான முறை.

கோஸ் குடும்பப் பயிர்களைத் தின்னும் தெள்ளுவண்டு வேறு ரகம்.

இலையைத் தொட்டாலே தெள்ளுப்பூச்சிபோலத் துள்ளி ஓடும் அந்தக் கறுப்பு வண்டு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அது தின்ற முள்ளங்கி இலையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் சல்லடை. முளைத்த வாரத்தில் வித்திலைகளைத் தின்றுவிட்டால் நாற்று தேறாது. அதன் புழுவோ மண்ணுக்குள் வேரைத் தின்கிறது. கடுகு இந்த வண்டையும் இழுக்கும். ஆனால் அங்கேயே கொல்லாவிட்டால் அது அடுத்த வரிசைக்குத் தாவும். கவனிக்காத கடுகு, வண்டுக்கு நாற்றங்கால் ஆகிவிடும்.

கடுகின்மேல் தெளிக்க அந்தப் பரிந்துரை சொன்ன டைக்குளோர்வாஸ் மருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. தடை நியாயமானதே. பழைய பரிந்துரையை அப்படியே ஒப்பிக்கும் கையேடுகளைத்தான் திருத்த வேண்டும். மருந்து ஒன்றையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி: 2013இல் நியோனிகோட்டினாய்டு விதைநேர்த்திக்குத் தடை வந்தபின், அங்குள்ள வேறொரு வகைத் தெள்ளுவண்டின் தாக்குதலும் சேர்ந்து, எண்ணெய்க் கடுகுப் பரப்பு 2021க்குள் பாதிக்கும் கீழே இறங்கியது.

மற்றொரு குறை, ஆள். கடுகு வரிசையை வாரம் இருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். ஆலை ஷிப்டுக்கு இளைஞர்கள் போய்விட்ட ஊரில் இது சின்ன வேலையல்ல.

எனவே புழுவுக்குக் கடுகை வையுங்கள். வண்டுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். நாற்றங்காலுக்குப் பூச்சித்தடுப்பு வலை போடுங்கள். சென்ற பருவத்தில் முள்ளங்கியோ கோஸோ இருந்த மண்ணில் நாற்றுவிட்டால், மண்ணிலிருந்து வரும் வண்டு வலைக்குள்ளேயே சிக்கும்; இடத்தை மாற்றுங்கள். ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும்.