கரிசல் மண்ணில் ஒரு ஹெரால்டு: பிரித்து, சுரண்டி, ஓட்டிப் பார்த்த அனுபவம்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து இஞ்சினைத்தான் முதலில் எட்டிப்பார்ப்பார்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டு விஷயத்தில் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 948 சிசி, நான்கு சிலிண்டர். எலெக்ட்ரானிக் சமாசாரம் எதுவும் கிடையாது. விருதுநகரில் வயதான மெக்கானிக் யாரிடம் விட்டாலும் ஓட வைத்துவிடுவார். வண்டியின் ஆயுள் கீழே இருக்கிறது. சாக்கை விரித்துப் படுத்து, ஸ்குரூ டிரைவரால் சேஸிஸை நெடுகக் குத்திக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் விலை பேசலாம். பொதபொதவென்று உள்ளே இறங்கினால் பழைய இரும்புக் கடைக்காரர் சொல்வதுதான் அதன் விலை.

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்த வண்டி இது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1959-இல் அது வந்தபோது மற்ற கம்பெனிகள் பாடியையும் சேஸிஸையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தன. ட்ரையம்ப்புக்குப் பாடி செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டியாளர் வாங்கிவிட்டதால், வேறு வழியின்றித் தனி சேஸிஸ் போட்டு, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட்டில் முடுக்கினார்கள். அந்தக் காலத்தில் அது பழைய பாணி. வீட்டு முற்றத்தில் ஸ்பானரோடு நிற்கிற ஆளுக்கு இன்று அதைவிட வசதி வேறில்லை. பிரீமியர் பத்மினியில் வாசற்படிக்குக் கீழே துரு ஏறினால் வண்டியின் எலும்பே போன மாதிரி. அங்கே வெட்டி ஒட்டுவது தொழில் தெரிந்தவர் வேலை. ஹெரால்டில் கெட்டதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடரலாம்.

நான் எடுத்தது இரண்டு கதவு வண்டி. பருத்திக் கொட்டகை ஒன்றில் பல வருடம் நின்றிருக்கிறது. வானம் பார்த்த ஊர் என்பதாலும் கடற்காற்று எட்டாத தூரம் என்பதாலும் கூரையும் தூண்களும் நன்றாக இருந்தன. கெட்டதெல்லாம் கரிசல் மண்ணால். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளின் இடுக்கில் அது அப்பிக்கொண்டு, மழை பெய்து ஓய்ந்து வெகு நாள் கழிந்தும் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளும் அடைபட்டிருந்தன. வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியவில்லை. டிங்கர் பட்டறையில் பட்டி வைத்து மெழுகியிருந்தார்கள். துணியில் சுற்றிய காந்தத்தை பாடி மேல் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான்.

பாடியை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கதவு இடைவெளிகளை அளந்து எழுதிக்கொண்டு, கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புப் பட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பரும் சிறு தகடுகளும் எந்த இடத்தில் எத்தனை என்று சீட்டு ஒட்டிப் பையில் போட வேண்டும். அதைத் தவறவிட்டால் எவ்வளவு அருமையாகப் பெயின்ட் அடித்தாலும் கதவு சாத்தாது.

துருவை எடுக்க உப்புத்தாள், கம்பி பிரஷ், ஆசிட் எல்லாம் பார்த்தாயிற்று. கீல், கிளாம்ப் போன்ற சில்லறை உருப்படிகளுக்கு என் ஓட்டு மின்சாரத் தொட்டிக்குத்தான். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், அதில் சலவை சோடா, பழைய மாதிரி 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த உருப்படிக்கு நெகட்டிவ், வேண்டாத இரும்புத் துண்டுக்கு பாசிட்டிவ். மறுநாள் காலையில் எடுத்துத் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும். நல்ல இரும்பு ஒரு நூல்கூடத் தேயாது. சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வரும். பாசிட்டிவில் எவர்சில்வரை மாட்டினால் தண்ணீரில் குரோமிய விஷம் இறங்கும். அலுமினிய உருப்படிகளையும் ஸ்பிரிங்குகளையும் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் குமிழியிடுவதால் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும்.

கிரைண்டர் விஷயத்தில் நம் பகுதிக்கென்று தனிச் சட்டமே வேண்டும். வேறு ஊரில் பொறி பறந்தால் பாயில் ஓட்டை விழும், அவ்வளவுதான். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் சுவருக்கு அந்தப்புறம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கட்டிங் வீலைத் தொடக் கூடாது. பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் பித்தளையும் மரமும்தான் போகும், தரையில் ரப்பர் பாய் விரித்திருக்கும். ஒரு பொறிக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று தெரிந்த ஊர் இது. அதோடு இன்னொன்று. துரு என்பது இரும்பு ஆக்சைடு. அந்தத் தூளோடு அலுமினியத் தூள் சேர்ந்து பற்றினால் உருகிய இரும்பு ஓடும். ரயில் தண்டவாளத்தை இணைக்க இந்தக் கலவையைத்தான் எரிக்கிறார்கள். பட்டாசுக்கும் வெள்ளிப் பெயின்ட்டுக்கும் போகிற அலுமினியத் தூளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை, திருமங்கலத்தில் அதற்கென்றே ஆலை இருக்கிறது. ஆகவே வெள்ளிப் பெயின்ட் அடித்த சக்கரத்தைச் சுரண்டிய தூளையும் சேஸிஸ் துருவையும் ஒரே டப்பாவில் கூட்டி அள்ளாதீர்கள். நான் வெட்டுகிற வேலை அத்தனையையும் ஊருக்கு வெளியே ஒரு வெல்டிங் பட்டறைக்கு மாற்றிவிட்டேன்.

அங்கே இருந்த மேஸ்திரி வண்டியின் தகட்டைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது பேப்பர் கணக்கா இருக்கு. ஆர்க் வச்சா ஓட்டைதான் விழும்" என்றார். மெல்லிய தகட்டுக்கு சிஓ2 வெல்டிங்தான் சரி. அதையும் ஒரே இழுப்பாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சூடு ஏறினால் தகடு அப்பளமாக நெளிந்துவிடும்.

ஓட்டுவதற்கு முன் பலரும் கவனிக்காத ஓர் இடம், முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன். அதற்கு கிரீஸ் ஆகாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் இறுகி, உள்ளே தண்ணீர் தங்கி, மரையில் துரு ஏறி, ஒருநாள் சக்கரம் மடிந்துகொள்ளும். பெட்ரோல் குழாய்களையும் பம்பு டயாஃப்ரத்தையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை அது அரிக்கும். ஈரத்தை இழுத்து டாங்கிக்குள்ளும் துரு வளர்க்கும்.

ஓட்டினால்? பிரேக்கை இன்றைய காரோடு ஒப்பிட வேண்டாம், தூரத்திலேயே மிதிக்கப் பழகுங்கள். ஆனால் ஸ்டியரிங்! இந்த வண்டி திரும்ப 25 அடி வட்டம் போதும், அதாவது ஏழரை மீட்டர் சொச்சம். மாருதி 800-க்குக்கூட 8.8 மீட்டர் வேண்டும். சிவகாசிக் கடைத்தெருவில் பேப்பர் ரீல் இறக்குகிற லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது, ரிவர்ஸ் போடாமலே திருப்பிக்கொண்டு வந்தேன். பானெட் முழுசாக முன்பக்கம் கவிழ்வதால், முன் டயரின் மேலேயே உட்கார்ந்து இஞ்சின் வேலை பார்க்கலாம். இந்த வசதியை ஏன் எல்லாரும் கைவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஆர்.சி. சரியில்லாத வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை 'விஏ' வரிசையில் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஹெரால்டு உற்பத்தி 1971-இல் நின்றதால் எல்லா வண்டிக்கும் அந்த வயது ஆகிவிட்டது. ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ இஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் விண்டேஜ் அந்தஸ்து கிடையாது. டீசல் இஞ்சின் ஏற்றிய வண்டி அங்கேயே அடிபட்டுவிடும். அந்த அந்தஸ்து கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். கோயில், கல்யாணம் என்று சுற்ற ஆசைப்படுகிறவர்கள் வழக்கமான பதிவையே ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

முதன்முதலாக இறங்குபவருக்கு என் சிபாரிசு, ஹெரால்டு. அதிலும் இரண்டு கதவு. சேஸிஸ் கெட்டியாக இருந்தால் பெயின்ட் எந்த லட்சணத்தில் இருந்தாலும் பாதகமில்லை. இஞ்சின், சஸ்பென்ஷன் உருப்படிகளை இங்கிலாந்தில் ட்ரையம்ப் பிரியர்களுக்காக இன்னும் செய்து விற்கிறார்கள். நான்கு கதவு மாடல் இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவு துருப்பிடித்துப்போனால் வெளிநாட்டில் தேடிப் பயனில்லை. இன்னொரு செத்த ஹெரால்டை இங்கேயே கண்டுபிடித்தாக வேண்டும்.