செய்தி நினைவும் ஊடக வடிவமும்: வயதா, படமா?

தொலைக்காட்சியில் கண்டதைச் சிறுவரும் அச்சில் படித்ததைப் பெரியவரும் நன்கு நினைவிற் கொள்வர் என்பது ஊடகக் கல்வியில் பரவலாக எடுத்தாளப்படும் கருத்தாகும். 1980களில் ஏட்ரியன் ஃபர்ன்ஹாம், பேரி கன்டர் ஆகியோர் பிரிட்டனில் பெரியவர்களிடம் நிகழ்த்திய ஆய்வுகளில் அச்சே முந்தியது. சிறுவரிடம் நிகழ்ந்த ஆய்வுகளிலோ தொலைக்காட்சி முந்தியது. இவற்றை அருகருகே வைத்து, வேறுபாட்டிற்கு வயதே காரணம் என முடிவுகட்டுவது எளிது. ஆயின் சிறுவருக்குச் சிறுவர் செய்தியும் பெரியவருக்குப் பெரியவர் செய்தியும் தரப்படும்போது, மாறுவது வயது மட்டுமன்று. செய்தியின் ஆக்கமும் மாறுகிறது.

இச்சிக்கலை நெதர்லாந்து ஆய்வாளர்கள் வால்மா வான் டெர் மோலன், வான் டெர் ஃபோர்ட் இருவரும் 2000இல் நேரடியாக எதிர்கொண்டனர். இருவகைச் செய்திகளையும் இருசாராருக்கும் வழங்கினர். சிறுவரிடம் இருவகையிலும் தொலைக்காட்சியே மேம்பட்டது. சிறுவர் செய்தியைப் பார்த்த பெரியவரிடமும் அதுவே நிகழ்ந்தது; பெரியவர் செய்தியில் மட்டும் அவர்களுக்கு அம்மேன்மை கிட்டவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த அவர்களின் மற்றோர் ஆய்வு காரணத்தை நெருங்குகிறது: சொல்லப்பட்டதையே படமும் காட்டிய தகவல்களில்தான் தொலைக்காட்சி முந்தியது. சொல்லும் காட்சியும் இருவேறு தடங்களில் பதிகின்றன என்னும் ஆலன் பெய்வியோவின் இரட்டைக் குறியாக்கக் கோட்பாட்டோடு இது பொருந்துகிறது. வரவுசெலவுத் திட்டம் பற்றிய செய்திக்கு நாடாளுமன்றக் கட்டடத்தைக் காட்டினால் இரண்டாம் தடத்தில் பதிய எதுவுமில்லை.

இவ்வாய்வுகளில் ‘அச்சு’ எனப்பட்டது தொலைக்காட்சி உரையின் எழுத்துப்படியே. செவிக்கென எழுதப்பட்டது அது. பத்தியமைப்பும் துணைத்தலைப்பும் கொண்ட நாளிதழ் எழுத்தன்று. ஆதலின் அச்சு ஊடகம் தன் முழு வலிமையோடு இங்குச் சோதிக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது.

தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுக் குறியீடுகள் வழியே காணொலிகள் இணைக்கப்படும் சூழலில் இம்முடிவு தமிழாசிரியர்க்கு நேரடித் தொடர்புடையது. குறிஞ்சித் திணையைக் கற்பிக்கும் காணொலி மலையையும் மயிலையும் தினையையும் காட்டிவிடும். முதற்பொருளும் கருப்பொருளும் படத்திற்கு எளிதில் வசப்படுபவை. உரிப்பொருளாகிய புணர்தல் அவ்வாறன்று. அது குரலில் மட்டுமே ஒலிக்கும். மேற்கண்ட முடிவை இங்குப் பொருத்தினால், மாணவர் மனத்தில் மயில் தங்கும், திணையின் உரிப்பொருள் நழுவும் என்றே எதிர்பார்க்க வேண்டும். அக்காணொலியை மதிப்பிடும் வினாத்தாள் மயிலைப் பற்றியே கேட்குமாயின், அந்த இழப்பு மதிப்பெண்ணில் புலப்படவும் செய்யாது.