கூட்டம் வேறு, கல்லா வேறு

கொல்கத்தாவில் ரைட்டர்ஸ் கட்டடத்தின் பின்புறம் லயன்ஸ் ரேஞ்ச் என்றொரு தெரு. 1830களில் இந்த வட்டாரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று பங்குகளை வாங்கி விற்றார்கள். 1908இல் அந்தக் கூட்டம் கல்கத்தா பங்குச் சந்தை என்ற அமைப்பானது. 1928இல் இதே தெருவில் சொந்தக் கட்டடமும் எழுந்தது. 2000-01 நிதியாண்டில் அங்கே கைமாறிய தொகை சுமார் 3.55 லட்சம் கோடி ரூபாய். தேசியப் பங்குச் சந்தைக்கும் மும்பைப் பங்குச் சந்தைக்கும் அடுத்த இடம். மறு ஆண்டே அது சுமார் 27,000 கோடியாகச் சுருங்கிவிட்டது.

காரணம் 2001 மார்ச். பங்குத் தரகர் கேத்தன் பரேக் ஏற்றிவிட்ட பங்குகளில் கொல்கத்தா தரகர்கள் சிலர் தாங்க முடியாத அளவுக்குச் சுமை ஏற்றிவைத்திருந்தார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிஎஸ்கியூ சாஃப்ட்வேரும் அவற்றில் ஒன்று. வாரக் கணக்கு முறை இருந்ததால், கையில் முழுப் பணம் இல்லாமலேயே வாங்கி, விற்று, தள்ளிப்போட முடிந்தது. விலைகள் சரிந்ததும் பலரால் கட்ட வேண்டிய பணத்தைக் கட்ட முடியவில்லை. சந்தை அதன்பின் எழவே இல்லை. 2013 ஏப்ரலில் அங்கே வர்த்தகம் நின்றது.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஆள் வராமல் அந்தச் சந்தை சாகவில்லை, கூட்டம் நிரம்பி வழிந்த ஆண்டில் விழுந்தது. இன்று கைபேசியில் இன்ட்ராடே செய்யும், அதாவது வாங்கியதை அன்றே விற்கும் ஒருவருக்கும் கூட்டத்தைக் கண்டு நம்பும் இதே மயக்கம் உண்டு. ஒரு நாளில் எத்தனை டிரேடு போட்டோம் என்பதை உழைப்பின் அளவாகவும், உழைப்பை லாபத்தின் முன்பணமாகவும் எடுத்துக்கொள்கிறார்.

வர்த்தகர்கள் ‘எட்ஜ்’ என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நூறு முறை ஒரே விதமாக வாங்கி விற்றால், ஜெயித்ததையும் தோற்றதையும் கூட்டிக் கழித்து, செலவையும் எடுத்துவிட்டு, ஒரு டிரேடுக்குச் சராசரியாக மிஞ்சுவது எவ்வளவு? அது பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் எட்ஜ் இருக்கிறது. கீழே இருந்தால் இல்லை. டிரேடுகளின் எண்ணிக்கை இந்த மிச்சத்தைப் பெருக்கித் தரும், அவ்வளவே. நல்லதையும் பெருக்கும், கெட்டதையும் பெருக்கும்.

தரகர் அனுப்பும் ஒரு கான்ட்ராக்ட் நோட்டை எடுத்துப் பார்ப்போம். 500 ரூபாய்ப் பங்கில் 200 வாங்கி, அன்றே அதே விலைக்கு விற்கிறோம். தள்ளுபடித் தரகரின் கட்டணம் இருபுறமும் 20 வீதம் 40 ரூபாய். விற்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 25. சந்தைக் கட்டணம் ஏறக்குறைய 6, முத்திரைத் தீர்வை 3, தரகின் மேலும் சந்தைக் கட்டணத்தின் மேலும் ஜிஎஸ்டி 8. ஆக 82 ரூபாய். பங்கு 41 காசு ஏறினால்தான் நாம் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம். ஐந்து மடங்கு லெவரேஜ் எடுத்தவருக்கு இந்த ஒரு லட்சத்தில் சொந்தப் பணம் 20,000 மட்டுமே. நாளுக்குப் பத்து டிரேடு என்றால் செலவு 820 ரூபாய், அதாவது கைக்காசில் நாலு சதவீதம், தினமும்.

இப்போது இவர் நூற்றுக்கு ஐம்பத்தைந்து முறை சரியாகக் கணிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தால் 300 வரும், தோற்றால் 300 போகும். டிரேடுக்குச் சராசரியாக 30 ரூபாய் கிடைக்கிறது, செலவோ 82. பாதிக்கு மேல் சரியாகச் சொல்பவர் ஒவ்வொரு டிரேடிலும் 52 ரூபாய் இழந்துகொண்டே போகிறார். நூறு டிரேடில் 5,200, ஆயிரத்தில் 52,000. ஜெயிக்கும்போது 500 வரை காத்திருந்து, தோற்கும்போது 300இல் ஸ்டாப்லாஸ் போட்டு வெளியேறி, அப்போதும் நூற்றுக்கு ஐம்பத்தைந்து முறை ஜெயிக்க முடிந்தால் அதே ஆள் டிரேடுக்கு 58 ரூபாய் மிச்சம் பார்ப்பார். கணிப்புத் திறன் மாறவில்லை, எங்கே விடுவது என்பதுதான் மாறியது.

எண்ணிக்கையின் பக்கமும் நியாயம் உண்டு. இருபது டிரேடில் பன்னிரண்டு ஜெயித்தேன் என்று ஒருவர் மார் தட்டினால், நாணயத்தைச் சுண்டினாலும் நாலில் ஒரு தடவை பன்னிரண்டோ அதற்கு மேலோ விழும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எட்ஜ் உண்டா, அதிர்ஷ்டமா என்று தெரியவே சில நூறு டிரேடுகள் வேண்டும். எட்ஜ் உறுதியான பிறகு எண்ணிக்கையே பலம். அமெரிக்காவின் அதிவேக வர்த்தக நிறுவனமான விர்ச்சு 2014இல் பங்கு வெளியிட முன்வந்தபோது, 1,238 வர்த்தக நாட்களில் ஒரே நாளில்தான் நட்டம் கண்டதாகத் தெரிவித்தது. ஒரு டிரேடில் மிஞ்சுவது சொற்பம், டிரேடுகளோ கணக்கற்றவை. ஆனால் அந்தச் சொற்பத்தை அதற்குத் தருவது வேகமும் குறைந்த செலவும். வீட்டு வைஃபையில் உட்கார்ந்து அதன் எண்ணிக்கையை மட்டும் காப்பியடித்தால் செலவுதான் மிஞ்சும்.

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு இதை நம் ஊர்க் கணக்கிலேயே காட்டுகிறது. 2022-23இல் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நட்டம். ஆண்டுக்கு 500 டிரேடுக்கு மேல் போட்டவர்களில் அது 80 சதவீதம். நட்டப்பட்டவர்கள் அந்த நட்டத்துக்கு மேலே அதில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கட்டணங்களாகவும் கொடுத்திருக்கிறார்கள். அதிகம் டிரேடு செய்ததால் தோற்றார்களா, தோற்றதை மீட்கத்தான் அதிகம் செய்தார்களா என்று கேட்கலாம். இரண்டும் இருக்கும். தோற்றவன் கை சும்மா இருக்காது என்பது சீட்டாட்டம் பார்த்த எவருக்கும் தெரியும். எப்படியானாலும் கட்டணம் ஏறிக்கொண்டேதான் போகும்.

‘போடப் போடக் கை பழகிவிடும்’ என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. பிரேசிலில் பங்கு ஃப்யூச்சர்ஸில் 300 நாட்களுக்கு மேல் விடாமல் நின்ற தினசரி வர்த்தகர்களை ஆராய்ந்தபோது 97 சதவீதம் பேர் நட்டத்தில்தான் இருந்தார்கள். பழக்கம் பாடமாக வேண்டுமென்றால் கணக்கு எழுத வேண்டும். ஏன் வாங்கினேன், ஏன் விற்றேன், செலவு போக என்ன நின்றது என்று எழுதாத ஆயிரம் டிரேடு, ஒரே தப்பை ஆயிரம் தடவை செய்ததாகத்தான் முடியும்.

எட்ஜ் பக்கமும் குறைகள் இல்லாமல் இல்லை. அது நிலையானதல்ல, பத்து பேருக்குத் தெரிந்ததும் கரைந்துவிடும். பழைய விலைகளை வைத்துச் சோதித்தால் எந்த உத்தியையும் ஜெயிக்கிற மாதிரி வளைத்துக்கொள்ளலாம். ‘தினமும் 2,000 ரூபாய்’ என்று குறி வைப்பவர் எட்ஜையே தப்பாகப் புரிந்துகொண்டவர். நல்ல எட்ஜும் வாரக்கணக்கில் நட்டம் காட்டும். நாளுக்கு நாள் சம்பளம் போல வராது. சரியான எட்ஜ் கிடைக்கட்டும் என்று ஒரு டிரேடும் போடாமல் புத்தகம் புரட்டிக்கொண்டே இருப்பவரும் எதையும் அறியப்போவதில்லை.

எண்ணிக்கையையும் எட்ஜையும் சேர்க்க ஒரே வழிதான் இருக்கிறது: சோதிக்கும் காலத்தில் எண்ணிக்கை இருக்கட்டும், தொகை சிறியதாக இருக்கட்டும். 20,000 ரூபாய்க்குப் போட்டால், தரகும் தொகைக்கேற்பக் குறையும் தரகரிடம், ஒரு டிரேடின் செலவு சுமார் 21 ரூபாய். 300 டிரேடுக்கு 6,300. விலையில் இழப்பது தனி. இதைப் படிப்புச் செலவென்று எழுதிக்கொள்ளலாம். முடிவில் சராசரி மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே நின்றால் நிறுத்திவிட வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது.

இந்த அளவையை வேறு யாரும் நமக்காகப் பிடிக்க மாட்டார்கள். தரகருக்கும் சந்தைக்கும் அரசுக்கும் ஒவ்வொரு டிரேடிலும் பங்கு உண்டு, நாம் ஜெயித்தாலும் தோற்றாலும். அதனால் சுற்றிலும் கேட்கும் குரலெல்லாம் இன்னொன்று போடச் சொல்லும். கல்லாவை எண்ணாதவருக்குக் கூட்டமே லாபமாகத் தெரியும். 2001 பிப்ரவரியில் லயன்ஸ் ரேஞ்சுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.