தோற்காமலே போன குணசேகரன்

2023 செப்டம்பர் 8 காலை, ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து மாரிமுத்து இறந்துபோனார். வயது 56. மரக்காணத்தில் உப்பளத்திலிருந்து திரும்பிய என் சித்தி, செய்தியைக் கேட்டதும் சொன்னது: “பாவி, தோக்காமலே போய்ட்டானே.” சொல்லிவிட்டு அழுதார்.

செத்தது மாரிமுத்து. சித்தி திட்டியது ஆதி குணசேகரனை. அழுதது யாருக்காக?

குணசேகரன் நல்லவன் இல்லை. வீட்டுக்கு வந்த பெண்களை அடுப்படியில் முடக்கிவைத்த பெரியமனிதன். அவர் சொல்லும் ‘ஏய் இந்தாம்மா’ மீம் ஆகி நமக்கெல்லாம் சிரிப்பு. சித்திக்குச் சிரிப்பு வந்ததில்லை. வெயில் ஏறுமுன் உப்பு வார, விடிவதற்குள் எழுந்து ஓடுகிறவர் இரவு 9.30க்குத் தூக்கத்தை விட்டு உட்கார்ந்தது ஒரே காரணத்துக்காக: ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி நாலு பேரும் அந்த ஆளை ஜெயிப்பதைப் பார்த்தாகணும். அந்த மாதிரி ஆளை அவருக்கு டிவிக்கு வெளியேயும் தெரியும்.

மாரிமுத்துவின் திறமையும் அங்கேதான். கண்ணை உருட்டாமல், நியாயம் பேசுகிற அதே குரலில் அநியாயம் பேசினார். தான் செய்வது தப்போ என்ற சந்தேகமே வராத ஆம்பளை. தேனிப் பக்கத்துப் பேச்சுதான், ஆனாலும் மரக்காணத்துத் தெருக்காரர் மாதிரியே இருந்தார்.

அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’டில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தபோது வேறு ஆளைப் போடவில்லை. ஹூப்பர் செத்துவிட்டார், இனி வரமாட்டார் என்று 1983 நவம்பரில் குழந்தைகளிடம் நேராகச் சொன்னார்கள். குணசேகரனையும் அப்படிச் சாகவிட்டிருக்கலாம், அதுதான் நேர்மை என்று நினைத்தேன். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. “செத்துட்டா போட்டோவுக்கு மாலை போட்டுருவாங்க. அவன் செஞ்சதெல்லாம் நல்லதாயிடும்.”

அவர் சொன்னதுதான் சரி. ஹூப்பர் அன்பானவர், அவர் சாவுக்குத் துக்கம் போதும். கொடுமைக்காரக் குடும்பத் தலைவனுக்கோ சாவு என்பது தப்பித்தல். கணக்கு தீராமலே அவன் தெய்வமாகிவிடுவான். ஆக, தொடர் அவனைச் சாகவிடாதது நியாயம்தான்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ‘குற்றப் பரம்பரை’ எழுதிய வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். கம்பீரமான நடிகர். அந்தக் கம்பீரமே இடைஞ்சலாகிப்போனது. அவரிடம் சினிமா வில்லன் தெரிந்தான், தெருக்காரன் தெரியவில்லை. கதாபாத்திரத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். பார்க்கிறவர் ஒன்றரை வருஷம் சேர்த்துவைத்த கோபத்தை ஒப்படைக்க முடியாது. நாவலில் இந்தச் சிக்கல் இல்லை; அங்கே பாத்திரத்துக்கு எழுத்துதான் உடம்பு. சீரியலில் உடம்பு இரவல்.

2024 ஜூனில் முதல் பாகம் முடிந்தது. “இப்ப திருப்தியா சித்தி?” என்று கேட்டேன்.

“இவன் வேற ஆளுடா” என்றார். “நான் காத்துக்கெடந்தது அவனுக்கு.”