நம்ம வீடு எந்தப் பக்கம்?

யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யைப் பற்றி நண்பர்களோடு பேச ஆரம்பித்தால் ஐந்தே நிமிடத்தில் முதியோர் இல்லம் வந்துவிடுகிறது. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள், நன்றி கெட்ட தலைமுறை, கடைசியில் ரத்த உறவே இல்லாத மருமகள்தான் தாங்கினாள். கதையை அப்படிச் சொல்ல முடியும்தான். ஆனால் அப்படிச் சொன்னால் அது நம் ராத்திரி எட்டரை மணி சீரியலின் ஜப்பானியப் பதிப்பு மாதிரி ஆகிவிடும். 1953இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம் இது. 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் நடத்திய வாக்கெடுப்பில் உலக இயக்குநர்கள் இதற்கு முதலிடம் கொடுத்தார்கள். பிள்ளைகளைத் திட்டுகிற படத்துக்கு அவ்வளவு ஓட்டு விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்னைக் கேட்டால் இது ஒரு பயணப் படம். பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பி, ஊர் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒரு தம்பதியின் கதை. ஊர் பார்த்தல் என்றால் என்ன என்று இவ்வளவு பொறுமையாக யோசித்த இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை.

ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து சுகிச்சியும் தோமியும் டோக்கியோவுக்கு ரயில் ஏறுகிறார்கள். அங்கே மூத்த மகன் கோய்ச்சி, புறநகரில் சின்னதாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். இன்னொரு மகன் போரில் இறந்துவிட்டான். அவன் மனைவி நோரிகோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உடுத்திக் கிளம்பி நிற்கும்போது ஒரு நோயாளிக் குழந்தையின் அப்பா வந்துவிடுகிறார். அன்றைய சுற்றல் ரத்து. பேரன் கத்துகிறான், தாத்தாவும் பாட்டியும் ‘பரவாயில்ல’ என்ற முகத்தோடு மறுபடி உட்காருகிறார்கள். இந்தக் காட்சியை வைத்துக் கோய்ச்சியைத் திட்டுகிறவர்கள் யாரும் ஆன்-கால் வேலை பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் ஆள் தேடி வருகிற வேலை அவனுடையது. ஓசு அவன் மேல் ஒரு கெட்ட பார்வைகூட வைக்கவில்லை.

பிறகு ஒருநாள் லீவு போட்டுவிட்டு நோரிகோதான் மாமனாரையும் மாமியாரையும் டூர் பஸ்ஸில் கூட்டிப் போகிறாள். வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல, பயணிகளின் தலைகள் பஸ் குலுங்குவதற்கு ஏற்ப ஒன்றாக ஆடுகின்றன. அரண்மனை ஜன்னலுக்கு வெளியே போகிறது. ஓசு இதைச் சட்டென்று முடித்துவிடுகிறார். அடுத்து ஓர் உயரமான கட்டடத்தின் படிக்கட்டில் மூவரும் நிற்கிறார்கள். கோய்ச்சி வீடு எந்தப் பக்கம்? நோரிகோ கை நீட்டுகிறாள். ஷிகே வீடு? இன்னொரு பக்கம். உன் வீடு? திரும்பி வேறு திசை. டோக்கியோ முழுவதும் கீழே கிடக்கிறது, இரண்டு பேரும் தேடுவது மூன்று கூரைகளைத்தான். படத்தின் மையம் இந்த இடம் என்று நினைக்கிறேன். அழ வைக்கும் காட்சிகள் எல்லாம் பிறகுதான் வருகின்றன.

போன வருடம் அப்பாவும் அம்மாவும் மன்னார்குடியிலிருந்து வந்து புக்கிட் பாத்தோக்கில் எங்களோடு ஒரு மாதம் இருந்தார்கள். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் ஊர் பார்ப்பதற்கு ஒரு எக்செல் ஷீட் தயாரானது. சனி: கரையோரப் பூந்தோட்டங்கள். ஞாயிறு: செந்தோசா. அடுத்த வாரம் பறவைப் பூங்கா. லிட்டில் இந்தியாவுக்கு ஜூரோங் ஈஸ்ட்டிலும் ஊட்ரம் பார்க்கிலும் ரயில் மாறிப் போய், வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா, தேக்கா சந்தை. மெரினா பே சாண்ட்ஸ் மாடியில் ஏறி நின்றபோது கப்பல்களையும் ஜயண்ட் வீலையும் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மறுபக்கம் பார்த்தபடி, “நம்ம வீடு எந்தப் பக்கம் தம்பி?” என்றார். புக்கிட் தீமா குன்றைக் காட்டி, அதற்குக் கொஞ்சம் இடது கைப்பக்கம் என்றேன். வீடு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு சிங்கப்பூரிலேயே பிடித்தது எங்கள் புளோக்கிற்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையும், குட்டி குய்லின் என்று கூப்பிடுகிற பழைய கருங்கல் குவாரிக் குளமும்தான். இரண்டுமே என் ஷீட்டில் இல்லை.

இது அன்பு பற்றிய பிரச்சினை இல்லை, நேரக்கணக்கு. பிள்ளைகளிடம் இருப்பது வார இறுதிகள், பெற்றோரிடம் இருப்பது முழு நாட்கள். நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பக் கண்டுபிடிக்கப்பட்டவைதான் காட்சிகள். இதை ஓசு அதாமி பகுதியில் காட்டுகிற விதம் அபாரம். கோய்ச்சியும் ஷிகேயும் காசு போட்டுப் பெற்றோரை ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்கிற அந்த நிமிடத்தில் தந்திரமும் பாசமும் எது எது என்று பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வதைவிடச் செலவு குறைவு, அவர்களுக்கும் நல்லது. வந்த அப்பா அம்மாவை மூன்று நாள் கெந்திங் பேருந்தில் ஏற்றிவிடுகிற பழக்கம் இங்கேயும் உண்டு.

விடுதியோ இளசுகளின் இடம். ராத்திரி முழுக்க மாஜோங் ஆட்டமும் பாட்டும். தூக்கம் வராமல் இரண்டு பேரும் படுத்திருக்கிறார்கள். காலையில் கடல் சுவரின் மேல் யுகாத்தாவோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் கடல். எந்த டூரிஸ்ட் போஸ்டரிலும் போடலாம், அவ்வளவு அழகான காட்சி. அங்கே உட்கார்ந்துதான் ஊருக்குத் திரும்பலாமா என்று பேசுகிறார்கள். எழும்போது தோமிக்குத் தலை சுற்றுகிறது. அது முதல் அறிகுறி. ஓசு இசையைக் கூட்டவில்லை, முகத்தின் அருகே போகவும் இல்லை.

எனக்கு இந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. தோமி இறந்தபின் கடைசி மகள் கியோகோ அண்ணனையும் அக்காவையும் சுயநலக்காரர்கள் என்கிறாள். நோரிகோ, எல்லாரும் மெல்ல மெல்ல அப்படித்தான் ஆவார்கள் என்று சமாதானம் சொல்கிறாள். எல்லாரும் மேற்கோள் காட்டுகிற காட்சி. ஆனால் இரண்டு மணி நேரம் காட்டியதை இங்கே வாயால் சொல்லிவிடுகிறார்கள். முதியோர் இல்லப் பேச்சுக்குக் கதவைத் திறந்துவிடுவதும் இதுதான். இதைவிட எனக்கு ஷிகேதான் முக்கியம். அம்மா சாகக் கிடக்கும் செய்தி வந்ததும் துக்க உடை எடுத்துப் போகலாமா என்று யோசிக்கிறவள். அம்மா போனதும் வாய்விட்டு அழுகிறவள். சடங்கு முடிந்த சாப்பாட்டிலேயே அம்மாவின் கிமோனோவைக் கேட்கிறவள். மூன்றும் ஒரே பெண். சுகிமுரா ஹருகோ மூன்றிலும் பொய் இல்லாமல் நடித்திருக்கிறார். ஷிகேயை வில்லி என்று ஒதுக்கிவிட்டால் படத்தில் பாதி போய்விடும்.

இந்தப் படத்தை எடுத்தவருக்கும் எங்கள் பேட்டைக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. 1943இல் ஜப்பான் ராணுவம் ஓசுவை சிங்கப்பூருக்கு அனுப்பியது, இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ஒரு பிரசாரப் படம் எடுக்க. நம் தோட்டத் தொழிலாளர்கள் பலர் சேர்ந்த அதே படை. அந்தப் படம் நிறைவேறவில்லை. ஓசு, பிடிபட்ட ஹாலிவுட் படங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நாளை ஓட்டினார். ‘சிட்டிசன் கேன்’ அவர் பார்த்தது இங்கேதான். போர் முடிந்ததும் ஜூரோங்கில் ஒரு முகாமில் இருந்துவிட்டு 1946 தொடக்கத்தில் நாடு திரும்பினார். ஜூரோங்கிற்குப் பக்கத்தில்தான் புக்கிட் பாத்தோக். இங்கே குன்றின் மேல் 1942இல் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகளை வைத்து ஜப்பானியர்கள் தங்கள் வீரர்களுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். இப்போது தூண் இல்லை. படிகள் இருக்கின்றன, மேலே ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. சாயங்காலம் ஜனங்கள் அந்தப் படிகளில் உடற்பயிற்சிக்காக ஓடி ஏறுகிறார்கள். நோரிகோவின் அறையில் இறந்துபோன கணவனின் படம் மாட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிகள் நினைவுக்கு வருகின்றன. ஊர் சுற்றிக் காட்டுகிற அந்தப் பெண்ணின் பின்னால் யாரும் காட்ட விரும்பாத ஒரு பயணம் இருக்கிறது.

தமிழுக்கு வந்தால், நம் பயண எழுத்து பெரும்பாலும் தனி ஆளின் எழுத்து. ஏ.கே. செட்டியார் காந்தி படச்சுருள்களைத் தேடி உலகம் சுற்றினார். தி. ஜானகிராமன் ஜப்பான் போய்வந்து ‘உதயசூரியன்’ எழுதினார். அசோகமித்திரனின் ‘ஒற்றன்’ எனக்கு மிகவும் பிடித்தது; அயோவாவில் பல மாதம் தங்கியதைப் பற்றிய அந்த நாவலில் பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றுகூட முக்கியமில்லை. குளிர், சமையல், பக்கத்து அறைக்காரர்கள், அவ்வளவுதான். சினிமாவில் சிங்கப்பூர் என்றால் ‘ப்ரியா’, ‘நினைத்தாலே இனிக்கும்’ என்று இளம் ஜோடிகள்தான். ஆனால் இன்று சாங்கி விமான நிலையத்தில் திருச்சி விமானம் வந்து இறங்கும்போது நின்று பாருங்கள். கையில் ஊறுகாய்ப் பையோடு, பாரத்தைச் சொல்லாமல் சொல்லி நடந்து வருகிற அறுபது வயதுத் தம்பதிகள்தான் நம் காலத்தின் நிஜமான பயணிகள். நான் படித்தவரைக்கும் அவர்கள் பக்கமிருந்து எழுதப்பட்ட புத்தகம் தமிழில் கண்ணில் படவில்லை. பிள்ளைகளின் பக்கமிருந்து, குற்ற உணர்ச்சியோடு எழுதிய கதைகள் நிறைய உண்டு. அவற்றில் அப்பா அம்மா எப்போதும் பால்கனியில் தனியாக நிற்பார்கள். தோமியும் சுகிச்சியும் அப்படி நிற்பதில்லை. உவேனோ பூங்காவில் போக இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போதும், இவ்வளவு பெரிய ஊரில் தொலைந்தால் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கவே முடியாது என்று வியந்து பேசிக்கொள்கிறார்கள். அந்த வியப்பு நம் கதைகளில் இல்லை.

அம்மா இங்கே இருந்த ஒரு மாதமும் டெய்லி ஷீட் காலண்டர் சைஸில் ஒரு நோட்டு வைத்திருந்தார். பூந்தோட்டங்கள் போன நாளுக்கு ஒரு வரி: டிக்கெட் அதிகம், குளிர். புளோக்கிற்குக் கீழே ஒரு சீனப் பாட்டி கொத்தமல்லிக் கட்டைக் கையில் திணித்துவிட்டுப் போன நாளுக்கு ஒன்றரைப் பக்கம்.