எம்.ஆர்.என்.ஏ குறைஞ்சா புரதமும் குறைஞ்சதா? ஒரு 2005 நேச்சர் கட்டுரையைத் திரும்பப் படித்தபோது

2005 அக்டோபரில் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை. கால்வானோ, ஷியாவ், லௌரி என்று ஒரு பெரிய குழு எழுதியது. உடம்பு முழுக்கப் பரவும் அழற்சியின்போது மனித ரத்தத்தின் வெள்ளணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் ஏறுகின்றன, எவை இறங்குகின்றன என்று பார்த்த ஆய்வு. இன்னிக்கும் நிறைய பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதனால்தான் அது என்ன சொல்கிறது, எதைச் சொல்ல முடியாது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கு.

சோதனை எளிமையானது. ஆரோக்கியமான 8 பேர். 4 பேருக்கு ரத்தக்குழாய் வழியாக எண்டோடாக்சின் (சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கிற பொருள்), மீதி 4 பேருக்கு மருந்தில்லாத ஊசி. எண்டோடாக்சின் போட்டவர்களுக்குக் குளிர், காய்ச்சல் வரும். ஒரு நாளில் சரியாகிவிடும். ஊசிக்கு முன்பும், பிறகு 2, 4, 6, 9, 24 மணி நேரத்திலும் ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களை மட்டும் பிரித்து, அதிலிருந்த ஆர்.என்.ஏவை மைக்ரோஅரே சிப்பில் அளந்தார்கள். 3,700க்கும் மேற்பட்ட மரபணுக்களின் அளவு மாறியிருந்தது. பெரும்பாலானவை 24 மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டன.

இதிலிருந்து வந்த முக்கிய முடிவு இரண்டு. ஒண்ணு, வெள்ளணுக்களின் ஆற்றல் உற்பத்தி, அதாவது மைட்டோகாண்ட்ரியா சார்ந்த மரபணுக்கள், தற்காலிகமாகக் குலைகிறது. இன்னொண்ணு, புரதம் தயாரிக்கும் இயந்திரம் (ரைபோசோமும் அதன் துணைப் புரதங்களும்) மாற்றப்படுகிறது. கட்டுரையின் வார்த்தைகள் கவனமானவை. ஆனா கைமாறிக் கைமாறி வரும்போது இது "அழற்சி வந்தால் ரத்த அணுக்கள் புரத உற்பத்தியை நிறுத்திவிடுகின்றன" என்று சுருங்கிவிடுகிறது. என் சண்டை பாதி கட்டுரையோடு, பாதி இந்தச் சுருக்கத்தோடு.

முதல்ல ரத்தத்தில் யார் யார் இருக்காங்கன்னு பார்க்கணும். வெள்ளணு என்பது ஒரே வகை அணு இல்லை. சாதாரணமாக பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள், 20 முதல் 40 சதவீதம் லிம்ஃபோசைட்டுகள், கொஞ்சம் மோனோசைட்டுகள், மற்றவை. எண்டோடாக்சின் போட்டதும் இந்தக் கலவையே மாறிவிடும். ஓரிரண்டு மணி நேரத்தில் மோனோசைட்டுகள் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய காணாமல் போகும், லிம்ஃபோசைட்டுகளும் வேகமாகக் குறையும். அவை பெரும்பாலும் சாவதில்லை, ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் திசுக்களிலும் போய் ஒதுங்கிக்கொள்ளும். எலும்பு மஜ்ஜையிலிருந்து நியூட்ரோஃபில்கள் கூட்டமாக வெளியே வரும். ஒரு நாளில் கலவை மறுபடியும் இயல்புக்கு வந்துவிடும். மரபணுக்களும் இதே கால அட்டவணையில்தான் இறங்கி ஏறுகின்றன.

இப்ப நியூட்ரோஃபிலின் குணத்தைச் சேர்த்துப் பாருங்க. முதிர்ந்த நியூட்ரோஃபில் குறைந்த ஆயுள் கொண்டது. மற்ற வெள்ளணுக்களோடு ஒப்பிட்டால் அதில் ஆர்.என்.ஏவும் ரைபோசோமும் ரொம்பக் குறைவு. மைட்டோகாண்ட்ரியாவும் கொஞ்சம்தான், ஆற்றலுக்குப் பெரும்பாலும் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் உடைக்கும் வழியை நம்பியிருக்கிறது. லிம்ஃபோசைட்டுகளில் ரைபோசோம் புரத மரபணுக்கள் நிறைய வெளிப்படும். ஆக, லிம்ஃபோசைட் போய் நியூட்ரோஃபில் வந்தாலே கலவையில் ரைபோசோம் மரபணுவும் குறையும், மைட்டோகாண்ட்ரியா மரபணுவும் குறையும். ஒரு அணுகூட தன் வேலையை மாற்றிக்கொள்ளாமலே, கட்டுரையின் இரண்டு தலைப்புச் செய்திகளும் இப்படி வந்துவிடலாம்.

எங்க தொழிலில் இது தினமும் நடக்கும். சர்வரின் சராசரி பதில் நேரம் திடீரென்று ஏறும். கோடு மாறியிருக்காது, மெதுவான வேலை கேட்கிற வாடிக்கையாளர்கள் அன்னிக்கு அதிகமா வந்திருப்பாங்க, அவ்வளவுதான். டாஷ்போர்டை மட்டும் பார்த்து கோடில் கை வைத்தால் இருக்கிற நல்ல சிஸ்டமும் கெட்டுவிடும்.

வலைப்பின்னல் பகுப்பாய்வில் இன்னொரு சிக்கல். மனித ரைபோசோமில் சுமார் 80 புரதங்கள். இவற்றின் மரபணுக்கள் பொதுவாகச் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். வரைபடத்தில் அத்தனையும் ஒரே நிறத்தில் மின்னும்போது 80 சாட்சிகள் மாதிரி தெரியும். உண்மையில் ஒரே சாட்சி 80 முறை கையெழுத்துப் போட்டிருக்கிறது. படம் ரொம்ப அழகா இருப்பதால் இந்தக் கேள்வியே பலருக்கு எழுவதில்லை. கட்டுரையின் சுருக்கத்திலும் அணுக்கலவை பற்றிப் பேச்சே இல்லை.

சரி, கலவைப் பிரச்சினையைத் தீர்த்துட்டோம்னே வச்சுக்குவோம். அப்பவும் எம்.ஆர்.என்.ஏ என்பது புரதம் இல்லையே. அழற்சியில்தான் இந்த இடைவெளி ரொம்பப் பெரிசு. கிளீவ்லாந்தில் பால் ஃபாக்ஸ் குழு மனித மோனோசைட் வகை அணுக்களில் காட்டிய உதாரணம் எனக்குப் பிடித்தது. இண்டர்ஃபெரான் காமா கொடுத்தால் அந்த அணுக்கள் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தைத் தயாரிக்க ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குள் தயாரிப்பு நின்றுவிடும். எம்.ஆர்.என்.ஏ மட்டும் அப்படியே நிறைய இருக்கும். எல்13ஏ என்ற ரைபோசோம் புரதமே ரைபோசோமை விட்டுக் கழன்று வந்து, வேறு சில புரதங்களோடு சேர்ந்து அந்த எம்.ஆர்.என்.ஏவின் வாலில் உட்கார்ந்து பூட்டுப் போடுகிறது. சிப்பில் அளந்தால் இதில் ஒண்ணுமே தெரியாது.

எதிர்ப்பக்க உதாரணம் ரத்தத் தட்டணுக்கள். அவற்றுக்கு உட்கருவே கிடையாது, புதுசா எம்.ஆர்.என்.ஏ எழுத முடியாது. ஆனா தூண்டப்பட்டதும், ஏற்கெனவே கையிலிருக்கும் முழுமையடையாத ஆர்.என்.ஏவை வெட்டி ஒட்டி, அழற்சிப் புரதமான இண்டர்லூகின்-1 பீட்டாவைத் தயாரிக்கின்றன. இது செல் இதழில் வந்ததும் அதே 2005ல்தான். வெள்ளணுவை மட்டும் பிரித்து எடுக்கிற சோதனையில் இந்தக் கதை வரவே வராது.

அப்போ அழற்சி புரத உற்பத்தியைத் தொடவே இல்லையா? தொடுகிறது, ஆனா மொத்தமா சுவிட்சை அணைக்கிற மாதிரி இல்லை. 2015ல் நேச்சர் இம்யூனாலஜியில் வந்த ஆய்வு மனித மேக்ரோஃபேஜ்களில் ரைபோசோம்கள் எந்த எம்.ஆர்.என்.ஏ மேல் உட்கார்ந்திருக்கின்றன என்றே நேரடியாகப் பார்த்தது. இண்டர்ஃபெரான் காமா எம்டார் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அழற்சியை அடக்கும் ஹெச்.ஈ.எஸ்.1 போன்ற புரதங்களின் தயாரிப்பைக் குறைக்கிறது. அதாவது பிரேக்கைத் தயாரிக்கிற பிரிவுக்கு விடுமுறை. இதை "உற்பத்தி குறைந்தது" என்று ஒரு வரியில் எழுதினால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. செப்சிஸ் நோயாளிகளில் ஆரம்பச் சூறாவளிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி முடங்கி, அடுத்த தொற்றில் இறப்பவர்கள் உண்டு. 2005 கட்டுரையும் இந்த முடக்கத்துக்கு விளக்கம் தேடித்தான் பேசுகிறது. முடக்கத்துக்குக் காரணம் இருக்கிற அணுக்கள் சோம்பிப்போனதா, அணுக்களே இல்லாமல் போனதா? முதலாவது என்றால் ஜி.எம்.சி.எஸ்.எஃப் மாதிரி, இருக்கிற மோனோசைட்டைத் தட்டி எழுப்பும் மருந்தைப் பார்க்கணும். இரண்டாவது என்றால் லிம்ஃபோசைட் எண்ணிக்கையை ஏற்றும் இண்டர்லூகின்-7 மாதிரி. இரண்டையுமே நோயாளிகளில் சோதித்திருக்கிறார்கள். கலவையைப் பிரிக்காத ஒரு வரைபடத்தை வைத்து இதில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கட்டுரைக்கு ஒரு பாராட்டு பாக்கி இருக்கு. எலியை விட்டு மனிதரிலேயே, ஒப்பீட்டுக் குழுவோடு, ஆறு நேரப்புள்ளிகளில் அளந்து, தரவை முழுசா பொதுவில் வைத்தார்கள். ஜி.எஸ்.ஈ.3284 என்ற எண்ணில் ஜியோ களஞ்சியத்தில் இன்னிக்கும் இறக்கிக்கொள்ளலாம். கலவையிலிருந்து அணு விகிதத்தைக் கணக்கிடும் சைபர்சார்ட் போன்ற மென்பொருள்கள் 2015க்குப் பிறகு எல்லோர் கையிலும் இருக்கு. அதைக் கழித்த பிறகும் ரைபோசோம் மரபணுக்கள் இறங்கியே இருந்தால், அடுத்து செய்ய வேண்டியது பியூரோமைசின் சோதனை. வளரும் புரதச் சங்கிலியில் அது ஒட்டிக்கொள்வதை வைத்து, ஒவ்வொரு அணுவும் எவ்வளவு புரதம் தயாரிக்கிறது என்று வகைவாரியாக எண்ணிவிடலாம்.